எழுவானில் நின்று படுவானைப் பாருங்கள்: மட்டக்களப்பு நீர்க்கரைகளைப் படம்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் ஒருவரிடம் ஊர் கேட்டால், கிழக்கு மேற்கு என்று சொல்வதற்கு முன்பே எழுவான்கரை, படுவான்கரை என்ற சொற்கள் வந்துவிடும். சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை, அது படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே, வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்ட எல்லை வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. நீர்க்கரையைப் படம்பிடிக்க வருபவருக்கு வேண்டிய முதற்பாடத்தை நம் முன்னோர் இந்த இரண்டு பெயர்களுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் பெயரைக் கேட்டவுடன் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்திச் சூரியனைப் பிடிப்பதற்காகக் கமராவுடன் படுவான்கரைக்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்தால் வாவி முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது, சூரியனோ வயல் வட்டைக்கும் பற்றைக்காட்டுக்கும் அப்பால் இறங்குகிறது. அதுவும் அழகான காட்சிதான், எனினும் அவர்கள் தேடி வந்த நீர்க்காட்சி அதுவன்று. சூரியன் நீரின்மேல் படுவதைப் பார்க்க வேண்டுமானால் எழுவான்கரையில் நின்று படுவானைப் பார்க்க வேண்டும். வாவிக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமானால் விடியுமுன் படுவான்கரைக்குப் போய்விட வேண்டும். இந்த வழிகாட்டியில் இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியை ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்திக் காட்டுவனவே.

முதற்படி: திசையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுதல்

எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையே ஓடும் ஒடுக்கமான நிலப்பட்டி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு ஆகியவை அதன்மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. இதனால் இந்தப் பட்டியில் தங்குபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காலையில் கடற்கரைக்கு நடந்தால் சூரியோதயம் கிடைக்கும், மாலையில் எதிர்ப்பக்கமாக வாவிக்கரைக்கு நடந்தால் அஸ்தமனம் கிடைக்கும். ஒரே நாளில், ஒரே ஊரில், இரண்டையும் நீர்மேல் காணும் வாய்ப்பு எல்லா ஊர்க்காரருக்கும் அமைவதில்லை.

இப்பகுதியில் சூரியன் ஆண்டு முழுவதும் காலை 5.45 முதல் 6.25 மணிக்குள் எழுகிறது, மாலை 5.40 முதல் 6.25 மணிக்குள் மறைகிறது. நவம்பர் தொடக்கத்தில் மாலை சீக்கிரமாக இருண்டுவிடும், யூலையில் சற்றுத் தாமதமாகும். நாம் நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. ஆகையால் அந்தியொளி நீண்டநேரம் தங்காது, சூரியன் மறைந்து 20 நிமிடங்களுக்குச் சற்றுப் பின்னர் நன்றாக இருட்டிவிடும். சூரியன் மறைவதற்கு 45 நிமிடங்களுக்கு முன்பே குறித்த இடத்தில் நிற்பது நல்லது. கடைசி நேரத்தில் வந்து இடம் தேடினால் தேடுவதிலேயே ஒளி போய்விடும்.

சூரியன் எழும் இடமும் படும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள். யூனில் நேர் மேற்கிலிருந்து 23 பாகைக்குமேல் வடக்கே தள்ளி மறையும் சூரியன், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி மறைகிறது. ஆகவே யூனில் ஒரு பாலத்துக்குப் பின்னால் இறங்கிய சூரியன் டிசம்பரில் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கலாம். முந்தைய நாள் மாலை வெறுங்கையோடு போய், சூரியன் எந்த மரத்துக்கு நேரே இறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது எந்தச் செயலியையும் விட நம்பகமான வழி.

இரண்டாம் படி: மாதத்தைத் தெரிவு செய்தல்

நவம்பர் தொடக்கம் சனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். வாவி நிறைந்து நீர் கலங்கிவிடும், கடல் கொந்தளிக்கும், சில நாட்களில் பாதைகளும் வெள்ளத்தில் மூழ்கும். ஆனால் மழை விட்ட இடைவெளிகளில் கிடைக்கும் மேகக்கூட்டம் வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. உள்ளூரில் இருப்பவருக்கு இது நல்ல காலம், தூரத்திலிருந்து இரண்டு நாட்களுக்கு மட்டும் வருபவருக்கு ஏமாற்றம் தரக்கூடிய காலம்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். படுவான்கரையில் பெரும்போக நெல் முற்றிப் பொன்னிறமாகி அறுவடை நடக்கும். காற்று மெலிந்திருப்பதால் வாவி கண்ணாடியாகக் கிடக்கும் காலைகளும் பல அமையும்.

யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும். மேற்கு மலைகளைக் கடந்து, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு, சூடாகவும் வறட்சியாகவும் வரும் காற்று இது. அது படுவான் பக்கத்திலிருந்து எழுவான் பக்கமாக வாவியின் முழு அகலத்தையும் கடந்து வருவதால், பிற்பகலில் எழுவான்கரையோரம் சிற்றலை எழுந்து நீரில் பிரதிபலிப்பு உடைந்துவிடும். அதே காலத்தில் கீழைக் கடலோ அமைதியாக இருக்கும். ஆகவே கச்சான் காலத்தில் வாவியை விடியற்காலையில் எடுங்கள், மாலையில் அலையும் வெளிச்சமும் கலந்த படத்தை மட்டும் எதிர்பாருங்கள். பாசிக்குடாவுக்கும் அறுகம்குடாவுக்கும் இதுவே ஏற்ற பருவம்.

மூன்றாம் படி: பையில் இருக்க வேண்டியவை

விலையுயர்ந்த கமரா கட்டாயமில்லை. நல்ல கைபேசியும் ஒரு சிறு முக்காலியும் இருந்தாலே இங்கு சொல்லப்படும் படங்களில் முக்கால்வாசியை எடுத்துவிடலாம். கைபேசியில் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். திரையில் வானத்தின் ஒளிமிக்க பகுதியை அழுத்திப் பிடித்து, குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி, பின்னர் ஒளியளவைச் சற்றுக் கீழே இறக்குங்கள். இதைச் செய்யாமல் எடுத்தால், கைபேசி இருண்ட கரையை வெளிச்சமாக்க முயன்று வானத்தின் நிறத்தை வெளிற வைத்துவிடும். கமராவில் எடுப்பவர்களும் இதே காரணத்துக்காக ஒரு படி குறைவான ஒளியளவில் எடுப்பது நல்லது. இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம், வெளிறிப்போன வானத்தை மீட்க முடியாது.

உப்புக்காற்றுக்கு எதிரான ஆயத்தத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடற்கரையில் அரைமணி நேரம் நின்றாலே வில்லையின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படிந்துவிடும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளே கண்ணாடியில் கீறல் போடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பிறகே உலர்துணியால் துடைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் வில்லை புகைமூடியதுபோல் வெளுத்துவிடும் என்பதால், புறப்பட அரைமணி நேரம் இருக்கும்போதே பையை மூடியபடி வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

வாவிக்கரைச் சேற்றில் முக்காலியின் கால்கள் மெல்ல மெல்ல இறங்கும். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் கால்களை நிறுத்தினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். காசு செலவில்லாத இந்த உத்தி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

நான்காம் படி: புளியந்தீவைச் சுற்றி ஒரு காலை நடை

நகரத்தின் பழைய மையமான புளியந்தீவு, பெயருக்கேற்ப நீர் சூழ்ந்த தீவு. பாலங்களால் மற்றக் கரைகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது. காலை ஆறரை மணியளவில் வாகனங்கள் பெருகுமுன் காந்தி பூங்காவிலிருந்து நடையைத் தொடங்குங்கள். காந்தியின் சிலையும், வாவியை ஒட்டிய நடைபாதையும், அருகே மணிக்கூட்டுக் கோபுரமும் இருப்பதால் இங்கே குறுகிய இடத்துக்குள் பலவிதமான படங்கள் அமையும். பக்கத்திலுள்ள மட்டக்களப்பு வாயில் என்ற சிறு வளைவு, ஒரு காலத்தில் படகுகள் வந்தடைந்த துறை. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் இங்கு வந்திறங்கியதை நினைவுகூரும் சிலையும் இங்குண்டு. வாயிலின் உள்ளே நின்று, வளைவைச் சட்டமாகக் கொண்டு வாவியைப் பாருங்கள். இங்கு எல்லோரும் வாயிலுக்கு முன்னால் நின்று தம்மை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், வாயிலின் ஊடாகப் பார்ப்பவர் குறைவு.

அடுத்தது கோட்டை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். இரு பக்கங்களில் வாவியும் மற்ற இரு பக்கங்களில் அகழியும் இதற்குக் காவல். நீண்ட காலமாக அரச அலுவலகங்கள் உள்ளே இயங்கி வந்ததால், உள்ளே செல்ல விரும்புபவர் அலுவலக நேரத்தில் போய் வாயிற்காவலரிடம் அனுமதி கேட்டுச் செல்வதே முறை. கொத்தளங்களில் ஏறி நின்று, பழைய பீரங்கியை முன்னே வைத்து நீர்ப்பரப்பைப் பின்னே வைத்தால் ஆழமுள்ள படம் கிடைக்கும். எனினும் கோட்டையின் சிறந்த தோற்றம் உள்ளேயிருந்து கிடைப்பதில்லை. வாவியின் எதிர்க்கரைக்குப் போய், நீர் அசையாத காலைப்பொழுதில், சுவரும் அதன் நிழலுமாக இரண்டு கோட்டைகளைப் பாருங்கள். அப்போது தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைப்பது தவறாகாது. நடுவில் வைக்கக்கூடாது என்ற பொதுவிதி பிரதிபலிப்புப் படங்களுக்குப் பொருந்தாது.

ஐந்தாம் படி: கல்லடியில் ஒரு முழுமாலை

ஒரே ஒரு மாலை மட்டும் கையில் உள்ளவருக்கு நான் சொல்லும் இடம் கல்லடிப் பாலம். ஆளுநர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் 1924 இல் கட்டப்பட்டது. அதற்குப் பக்கத்தில் யப்பானிய உதவியுடன் எழுந்த புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. தலைமுறைகள் பல அந்த ஒடுக்கமான இரும்புச் சட்டங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாவியைக் கடந்தன. இன்று வாகன நெரிசல் புதிய பாலத்துக்குப் போய்விட்டதால், பழைய பாலம் நடப்பவருக்கும் பார்ப்பவருக்கும் உரியதாகிவிட்டது. அதை இடித்துவிடாமல் விட்டது நமக்குக் கிடைத்த பேறு.

முக்காலியைப் பழைய பாலத்தில் நிறுத்துங்கள். புதிய பாலத்தில் கனவாகனம் போகும் ஒவ்வொரு முறையும் தளம் நுண்ணிதாக அதிரும். கண் அதை உணராது, ஆனால் பத்து விநாடி திறந்திருக்கும் ஷட்டர் உணர்ந்துவிடும். சூரியன் மறையுமுன் பாலத்தின் நடுப்பகுதியில் நின்று, இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிச் செல்வதை எடுங்கள். சூரியன் மறையும் வேளையில் கல்லடிப் பக்கத்து முனைக்கு இறங்கி, நகரத்தை நோக்கி நின்று, இரண்டு பாலங்களும் கருநிழலாகத் தெரியும்படி எடுங்கள். தோணியில் நின்று வீச்சுவலை எறிபவர் சிலவேளை அந்தச் சட்டத்துக்குள் வருவார். வலை விரியும் கணத்தைப் பிடிக்க விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு வேகம் வேண்டும். அவர் வலையை மடித்துத் தோளில் ஏற்றும்போதே ஆயத்தமாகிவிடுங்கள், விரிந்தபின் விரலை அழுத்தினால் வெறும் நீர்வட்டந்தான் மிஞ்சும்.

சூரியன் மறைந்ததும் பெரும்பாலோர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். அடுத்த 15 நிமிடங்களில் வானம் கடுநீலமாகி, பாலத்து விளக்குகளின் ஒளியும் வானத்தின் ஒளியும் ஒரே அளவுக்கு வந்து நிற்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அப்போது ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100 இல் வைத்து, வில்லையின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, 8 முதல் 15 விநாடி வரை திறந்து எடுத்தால், சிற்றலை எல்லாம் பட்டுத்துணிபோல் மென்மையாகி விளக்குகள் நீரில் நீண்ட தூண்களாக இறங்கும். கைபேசியில் இரவுப் பாங்கைத் தெரிவு செய்து முக்காலியில் வைத்தால் இதற்கு அண்மையான பயன் கிடைக்கும்.

மறுநாள் விடியலைக் கல்லடிக் கடற்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்திலுள்ள திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அதை எடுக்கும்போது தொடுவானக் கோட்டைச் சரியாகக் கிடையாக வைத்து எடுங்கள், அப்போதுதான் சாய்வு கோபுரத்தினுடையது என்பது பார்ப்பவருக்கு விளங்கும். படத்தைத் திருத்தும் செயலிகள் செங்குத்துக் கோடுகளைத் தாமாகவே நிமிர்த்திவிடும் வசதியைக் கொண்டவை. இந்தப் படத்தில் அதைப் பயன்படுத்தினால் அந்தக் கோபுரம் சொல்ல வந்த செய்தியே அழிந்துவிடும்.

கல்லடி, டச்பார், நாவலடி எங்கும் ஆழிப்பேரலை கொண்டுபோன குடும்பங்களின் உறவினர் இன்றும் வாழ்கிறார்கள். ஒவ்வோராண்டும் டிசம்பர் 26 இல் அவர்கள் கரைக்கு வந்து விளக்கேற்றுவார்கள். அன்று அங்கே இருப்பீர்களானால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்களோடு நில்லுங்கள்.

ஆறாம் படி: முகத்துவாரமும் நாவலடியும்

நகரிலிருந்து வடக்கே பார் வீதி வழியாகச் சென்றால் பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டை அடையலாம். 1913 இல் கட்டப்பட்ட இது ஏறத்தாழ 28 மீற்றர் உயரமுடையது. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் அருகில் இருப்பதால் நீரோட்டமும் மணல்திட்டும் மாதத்துக்கு மாதம் வடிவம் மாறும். கோடையில் அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் வாயை அடைத்துவிடுவதும், மாரியில் வெள்ளம் ஏறும்போது அதை வெட்டிவிடுவதும் இங்கு வழக்கம். சென்ற ஆண்டு யாரோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதே திட்டைத் தேடுவதில் பயனில்லை. நீங்கள் காணும் முகத்துவாரம் அந்த மாதத்துக்கு மட்டும் உரியது, அதனாலேயே அதற்குப் பெறுமதி அதிகம்.

வெளிச்சவீட்டை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்வதுபோல் தோன்றும். தள்ளி நின்று, கண்டல் மரங்களின் கிளைகளுக்கு ஊடாக எடுப்பதே பொருத்தமாக இருக்கும். படகு கிடைத்தால் ஒருமணி நேரம் வாவியில் சென்று வாருங்கள். கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, மீன்கொத்தி ஆகியவற்றைக் கரையிலிருந்து எடுப்பதைவிடப் படகிலிருந்து எடுப்பது எளிது. படகோட்டியிடம் பறவைக்கு நேரே செலுத்த வேண்டாம், பக்கவாட்டில் மெதுவாக ஒழுக விடுங்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம்.

எதிர்ப்பக்கத்து நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்நாக்கு. காலையில் கடற்பக்கத்தில் சூரியோதயத்தை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் நடந்தால் வாவிப் பக்கத்தை அடைந்துவிடலாம். அங்கே இளவெயில் முன்பக்கமாக விழுந்து எதிர்க்கரையின் தென்னைகளையும் வெளிச்சவீட்டையும் ஒளிரச் செய்திருக்கும். கடற்பக்கத்தில் கரைவலை இழுப்பவர்களைக் காணும் வாய்ப்பும் உண்டு. வலை கரையேறுமுன் இரண்டு வரிசையாக நின்று அவர்கள் கயிறு இழுக்கும் காட்சியைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கயிற்றுக்கும் கடலுக்கும் நடுவே புகுந்து வேலைக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம்.

ஏழாம் படி: வாவியைக் கடந்து படுவான்கரைக்கு

படுவான்கரைக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று பாலம், மற்றது பாதை. வெளியூரார் பாதை என்றால் நடக்கும் வழி என்று எண்ணுவார்கள். நம்மூரில் வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிச்செல்லும் தட்டையான படகுத்தளத்துக்கே பாதை என்று பெயர். மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கும் பாதைதான் ஓடியது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் அதே முறையில் மக்கள் வாவியைக் கடந்து வந்திருக்கிறார்கள். போகும் நாளில் எந்தத் துறையில் எத்தனை மணிக்குப் பாதை ஓடுகிறது என்பதைத் துறையடிக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதையில் எடுக்கும் படங்களுக்கு ஈடான படங்களை நான் எந்தப் பூங்காவிலும் எடுத்ததில்லை. பள்ளிப்பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நிற்பார்கள், வெற்றிலைக் கட்டோ நெல்மூடையோ ஒரு மூலையில் இருக்கும், சுற்றிலும் நீர் மட்டும் தெரியும். கடக்கும் சிறிது நேரத்துக்குள் அகலக்கோண வில்லையால் தளம் முழுவதும் அடங்க ஒரு படமும், பிறகு ஒரு கையையோ ஒரு முகத்தையோ அண்மையில் ஒரு படமுமாக எடுத்துவிட்டு, கமராவை இறக்கிவைத்துப் பக்கத்திலிருப்பவரோடு பேசுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்களே முதலில் கேட்டுவிடுவார்கள்.

சூரியோதயத்துக்கு மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரை முனையில் நில்லுங்கள். வாவிக்கு அப்பால் எழுவான்கரையின் தென்னை வரிசைக்கு மேலே சூரியன் எழும். முன்பக்கத்தில் நிறுத்தியிருக்கும் தோணிகளும் நீரில் நட்ட மீன்பிடிக் கம்புகளும் கருநிழலாக அமையும். அஸ்தமனத்துக்கு அதே பாலத்தின் ஆரையம்பதிப் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரே பாலம் இரண்டு வேளைக்கும் பயன்படும். காலைப் படங்கள் முடிந்தபின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்குச் சென்று வரலாம். தெற்கே இறங்கினால் சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் ஆலயம் வாவிக்கரையோரமாகவே இருக்கிறது. கோயில்களுக்குள் படமெடுக்குமுன் கட்டாயம் அனுமதி கேளுங்கள், மூலத்தானத்தை நோக்கிக் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

படுவான்கரையில் மேலும் உள்ளே போனால் உன்னிச்சை, நவகிரி போன்ற பெருங்குளங்கள் இருக்கின்றன. குளக்கட்டில் நின்று பார்க்கும் நீர்ப்பரப்பு வாவியைவிட அமைதியானது, பின்னணியில் தொலைமலைகளும் தெரியும். ஆனால் இது யானைகள் நடமாடும் நிலம். உள்ளூரவர் ஒருவர் துணையில்லாமல் போக வேண்டாம், இருட்டுமுன் பிரதான வீதிக்குத் திரும்பிவிடுங்கள். வாவியிலும் முதலைகள் உண்டு என்பதால், கண்டல் மரங்கள் அடர்ந்த கரையில் அந்திநேரத்தில் முழங்காலளவு நீரில் இறங்கி நின்று படமெடுப்பதைத் தவிருங்கள்.

எட்டாம் படி: வடக்கே பாசிக்குடா, தெற்கே உகந்தை

நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றரில் பாசிக்குடா. கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவே நீர் என்பதால் கடலின் நிறம் படிப்படியாக மாறுவதைக் காணலாம். இங்கு மட்டும் விடியலைவிடக் காலை ஒன்பது மணியை நான் விரும்புவேன். சூரியன் சற்று ஏறியபின், வில்லையின் முன் பொருத்தும் ஒளிமுனைவு வடிகட்டியைத் (போலரைசர்) திருகி நீரின் மேற்பளபளப்பைக் குறைத்தால், அடியிலுள்ள மணலும் பாசியும் தெளிவாகத் தெரியும். சூரியனுக்குப் பக்கவாட்டாக நின்று எடுக்கும்போதே அந்த வடிகட்டி நன்கு வேலை செய்யும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், நீர் வற்றும் நேரம் பார்த்துப் பயணத்தைத் திட்டமிட வேண்டிய தேவை இல்லை. பக்கத்துக் கல்குடா கூட்டம் குறைவான கரை. இன்னும் வடக்கே வாகரைப் பக்கம் செல்பவர்கள் பனிச்சங்கேணிப் பாலத்தில் வண்டியை நிறுத்தத் தவறக்கூடாது. ஒருபக்கம் உள்நீரும் மறுபக்கம் கடலுமாக இரு வேளைக்கும் ஏற்ற இடம் அது.

தெற்கே அம்பாறை மாவட்டத்தின் கரை நீளமானது, ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். பொத்துவில்லில் ஓரிரவு தங்குங்கள். அறுகம்குடாவின் வளைகரையில் விடியலையும், பாலத்தில் நின்று மேற்கே களப்பின்மேல் அந்தியையும் எடுக்கலாம். அலைச்சறுக்கு நடைபெறும் மே முதல் செப்ரெம்பர் வரையான காலத்தில் நீண்ட குவியத்தூர வில்லை ஒன்று இருந்தால் நல்லது. பாணமையைக் கடந்து சென்றால் உகந்தை முருகன் ஆலயத்தையும் அதன் முன்னேயுள்ள கடற்பாறைகளையும் காணலாம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்கும் இடம் இது. பாறைமேல் ஏறினால் ஒருபுறம் கடலும் மறுபுறம் குமண வனமும் தெரியும். யாத்திரைக் காலத்தில் அடியார்களின் அனுமதியோடு எடுக்கும் படங்களுக்கு இந்த நிலமே பின்னணியாகிவிடும்.

ஒன்பதாம் படி: அனுமதியும் மரியாதையும்

ட்ரோன் பறக்கவிட விரும்புபவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவையும் உரிய அனுமதியையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவில், வாவிக்கு அண்மையிலேயே இருப்பதால் நகரத்தைச் சுற்றிய வான்பரப்பு விளையாட்டுக்குரியதன்று. படை முகாம்கள், சோதனைச்சாவடிகள் ஆகியவற்றின் பக்கம் எந்தக் கமராவையும் திருப்ப வேண்டாம்.

மீனவரைப் படமெடுக்கும் முன் ஒரு சொல் கேட்பது கடினமில்லை. அண்ணன், ஒரு படம் எடுக்கவா என்று கேட்டால் மறுப்பவர் மிகக் குறைவு. வயதில் மூத்தவராயின் ஐயா என்று அழையுங்கள், பெண்களாயின் அக்கா, அம்மா என்று கேளுங்கள், அவர்கள் தலையசைத்த பின்னரே கமராவை உயர்த்துங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள், கைபேசி இலக்கம் தந்தால் அனுப்பிவையுங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் போனவர்களைக் கரையிலுள்ளோர் ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்து வருபவருக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

பத்தாம் படி: பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள்

நாட்களைத் தாமே தெரிவு செய்யக்கூடியவர்கள் பௌர்ணமியை நடுவில் வைத்து வாருங்கள். பௌர்ணமிக்கு முதல்நாள் நிலவு சூரியன் மறையுமுன்பே கிழக்கில் எழுந்துவிடும். அப்போது நிலத்திலும் ஒளி இருப்பதால் நிலவும் கரையும் ஒரே படத்தில் சமமாக அமையும். கல்லடிக் கடற்கரைக்கு அந்த மாலையை ஒதுக்குங்கள். பௌர்ணமியன்று நிலவெழும் வேளையில் ஒளி விரைவாகக் குறைந்துவிடும் என்பதால், கடலில் நீளும் நிலவொளிக் கோட்டை மட்டும் எடுக்கலாம். பௌர்ணமிக்கு மறுநாள் காலை, முந்திய இரவின் நிலவு படுவான்கரைக்கு மேலே இறங்கும்போது எதிர்ப்பக்கத்தில் கடலிலிருந்து சூரியன் எழும். இரண்டையும் அரைமணி நேரத்துக்குள் எடுக்க, நிலப்பட்டி ஒடுங்கிய நாவலடி போன்ற இடமே பொருத்தம்.

பௌர்ணமி இரவில் மற்றொன்றும் உண்டு. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்ற நம்பிக்கையால்தான் இந்த மண் மீன்பாடும் தேன்நாடு ஆயிற்று. 1848 இல் இங்கு வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் ரெனன்ட், படகில் சென்று நீருக்கடியிலிருந்து எழும் அந்த ஓசையைத் தாமே கேட்டதாகவும், மீனவர்கள் அது ஊரி என்னும் சிப்பியினத்தின் ஓசை என்று சொன்னதாகவும் எழுதிவைத்திருக்கிறார். பாடுவது மீனா ஊரியா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. மழையில்லாத, காற்றடங்கிய மாதமொன்றின் பௌர்ணமியில், வாகன ஓசை அடங்கிய நள்ளிரவை ஒட்டி, அனுபவமுள்ள மீனவர் ஒருவரின் தோணியில் செல்லுங்கள். துடுப்பின் அலகை நீருக்குள் இறக்கி, பிடியின் நுனியைக் காதோடு சேர்த்து வைத்து, மூச்சை அடக்கிக் கேளுங்கள். அந்த நேரத்தில் கமராவின் திரை ஒளியையும் அணைத்துவிடுங்கள். படம் எடுக்க விரும்பினால் தோணி கரைக்குத் திரும்பியபின், முக்காலியைத் தரையில் ஊன்றி, நிலவு படுவான் பக்கம் சரியும் வரை காத்திருந்து எடுங்கள்.